ஈற்றடி மட்டும் திரும்பி வந்தது

பதினோரு ஆண்டுகளாக ஒரு சமூக வலைத்தளத்தில் எழுதிவருகிறேன். அங்கே போட்டதையெல்லாம் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதியைப் போன மாதம்தான் முதன்முறையாகத் தொட்டேன். ஆர்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டபோது, நான் சோம்பேறித்தனமாக இருந்து எல்லாவற்றையும் தொலைத்தவன்.

நகல் கேட்பதில் சிரமம் இல்லை. அமைப்புகளுக்குள் கொஞ்சம் தோண்ட வேண்டும், கடவுச்சொல்லை இன்னொரு முறை கேட்கும், அப்புறம் காத்திருப்பு. எனக்கு இரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. இறக்குவதற்கான சுட்டி நான்கே நாளில் காலாவதியாகும் என்றிருந்தது, எனவே ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்டுவைக்காதீர்கள். படங்களின் தரம் தானாகவே 'நடுத்தரம்' என்று இருந்தது. நல்லவேளை, பார்த்து மாற்றினேன்.

கோப்பு வடிவம் எச்டிஎம்எல்லா (இணையப்பக்கம் போலப் படிக்கலாம்), ஜேசானா (நிரல்கள் படிக்க வசதியானது) என்று கேட்டது. கணினி தெரிந்தவன் என்ற மிதப்பில் ஜேசான் என்றேன். உலாவியில் திறந்தால் மருந்துக்கும் தமிழ் இல்லை! தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளும் வணிகக்குறிச் சின்னங்களுமாக ஒரே குப்பை. விஷயம் இதுதான்: எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். 'அ' என்றால் மூன்று. 'கொ' என்றால் 'க'வுக்கும் துணைக்குறிக்கும் சேர்த்து ஆறு. அவர்களுடைய நிரல் ஒவ்வொரு பைட்டையும் தனி லத்தீன் எழுத்தாக எண்ணி எழுதிவிடுகிறது. எதுவும் அழியவில்லை. பைத்தான் நிரல்மொழியில் அதை லத்தீன்-1 (ஓர் எழுத்துக்கு ஒரே பைட் என்ற பழைய முறை) பைட்டுகளாக்கி, யூடிஎஃப்-8ஆக மறுபடி படிக்கச் சொன்னேன். ஒரே வரியில் தமிழ் திரும்பிவிட்டது. இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்கள் பேசாமல் எச்டிஎம்எல் எடுங்கள்.

சரி, உள்ளே என்ன இருந்தது? நான் வாரந்தோறும் ஓர் ஈற்றடி, அதாவது வெண்பாவின் கடைசி அடி, கொடுப்பேன், நண்பர்கள் பின்னூட்டத்தில் வெண்பாவை முடிப்பார்கள். 140 ஈற்றடிகளும் தேதியோடு வந்திருக்கின்றன. வெண்பாக்களில் ஒன்றுகூட இல்லை. பிறர் எழுதியது பிறருடையது, அதை என் நகலில் தர மாட்டார்கள். நியாயம்தான், ஆனாலும் வயிறு எரிகிறது. என் பதில்கள் மட்டும் வேறொரு கோப்பில் வரிசையாகக் கிடக்கின்றன: "மூன்றாம் சீரில் தளை தட்டுகிறதே", "இப்போது சரி", "ஆஹா!" யாருக்குச் சொன்னேன், எந்தப் பாட்டுக்கு என்று ஒரு தகவலும் இல்லை. தொலைபேசியில் பேசுகிறவரின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது போல இருக்கிறது.

சொந்தப் பதிவுகளுக்கும் படங்களுக்கும் இந்த வசதியை நம்பலாம். ஒரு நகலை வன்தட்டிலும் இன்னொன்றை அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறேன். பின்னூட்டங்களுக்கு, எழுதியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பதிவாகத் திறந்து, 'மேலும் காட்டு' என்பதை அழுத்தி அழுத்தி, பிடிஎஃப்பாகச் சேமித்துவருகிறேன். நேற்றிரவு வரை 61 முடிந்தது.