டப் கேட்கத் தொடங்க: பாப்லோவா, பெர்ரியா?

டப் என்பது பதிவான ரெகே பாட்டைக் கழித்தும் சேர்த்தும் மறுபடி மிக்ஸ் செய்யும் ஜமைக்கா இசை. தொடங்க இரண்டு ஆல்பங்கள்: அகஸ்டஸ் பாப்லோவின் ‘கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’, லீ பெர்ரியின் ‘சூப்பர் ஏப்’. இரண்டுமே 1976, இரண்டுமே கிங்ஸ்டன், இரண்டுக்கும் அடிப்படை நான்கு டிராக் டேப், அதாவது நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் நாடா.

முதலாவதில் மிக்ஸ் செய்த கிங் டப்பி கழிப்பவர். ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ ஸோ’வை எடுத்து, குரலில் சில சொற்களை மட்டும் எதிரொலியில் மிதக்கவிட்டு, மீதியை மூடிவிடுகிறார். மிஞ்சுவது பேஸ், டிரம்ஸ், பாப்லோவின் மெலோடிகா (வாயால் ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு). டப்பி தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஃபில்டரைத் திருப்பும்போது அடித்தளம் மறைந்து, டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு மட்டும் ‘ஸ்ஸ்’ என்று கிளம்பும். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள், அபாரம்!

பெர்ரி சேர்ப்பவர். பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் பல டிராக்குகளை ஒன்றில் நகலெடுத்து இறக்கி, காலியான இடத்தில் கோரஸ், புல்லாங்குழல், பிராஸ் ஊதுகருவிகள் என்று நிரப்பினார். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், உயர் ஒலிகள் (ட்ரெபிள்) மங்கும். அந்தப் புகைமூட்டம் உங்கள் ஸ்பீக்கரின் கோளாறல்ல. ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். ‘க்ரோக்கிங் லிஸார்ட்’டில் மேக்ஸ் ரோமியோவின் ‘சேஸ் த டெவில்’ தாளத்தின் மேல் பிரின்ஸ் ஜாஸ்போ பேசுவதைக் கேளுங்கள்.

முதலில் பாப்லோ. வெட்டு எங்கே விழுகிறது என்று காது பழகியபின் பெர்ரி. போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம்: இந்த இசையின் மெட்டே பேஸ்தான், அதில் அது கேட்கவே கேட்காது.