மூணு பீஸ் அலாய் வீலில் காற்று இறங்குதா? வடசென்னை உப்புக்காற்றில் நீண்டநாள் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பிவிடலாம். மூன்று துண்டுகளை போல்ட்டால் சேர்த்துச் செய்த மூணு பீஸ் வீலில் அந்த இணைப்பு வழியாகக் காற்று இறங்கினால், டயரைக் கழற்றி, உள்பக்கம் காற்றை அடைத்திருக்கும் பழைய சீலன்ட்டைத் துணுக்கு விடாமல் சுரண்டி, வெறும் அலுமினியத்தின் மேல் புது சிலிக்கான் போடுங்கள். வெளியே பூசுவது, டயருக்குள் பஞ்சர் அடைக்கும் பச்சைத் திரவம் ஊற்றுவது, போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது எல்லாம் துட்டுக்குப் பிடித்த கேடு. 2023 கோடையில் நான் இப்படிச் செய்த வீல்கள் அந்த டிசம்பரின் மிக்ஜாம் வெள்ளத்தையும் பிறகு வந்த மழைகளையும் பார்த்துவிட்டு, இன்னும் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன.

வண்டி முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, 1998-ல் நம் ஊரில் விற்பனைக்கு வந்த மாடல். வீல் ஜப்பானிலிருந்து பழசாக வந்த 15 அங்குலம், நாலு போல்ட் ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் குறுக்களவு (பிசிடி) 100 மில்லிமீட்டர். டயர் 195/50. வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலி பக்கம். தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து, அவை தோண்டிவைத்த பள்ளங்களில் இறங்கி ஏறிப் போவதுதான் ரூட். இந்த ரோட்டுக்கு இந்த வீல் தேவையா என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. ஆசைக்கு எங்கே கணக்கு?

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வெளியே பளபளவென்று தெரியும் லிப் ஒரு துண்டு, சஸ்பென்ஷன் பக்கம் ஒளிந்திருக்கும் பேரல் ஒரு துண்டு, ஸ்போக் உள்ள நடு டிஸ்க் ஒரு துண்டு. மூன்றையும் விளிம்போடு விளிம்பு வைத்துச் சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். ஜப்பானின் எஸ்எஸ்ஆர் 1971-லேயே இந்த வகையில் இறங்கிவிட்டது. 1970-ல் ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் தொடங்கிய பிபிஎஸ், 1983-ல் ஆர்எஸ் வீலைக் கொண்டுவந்தது. இன்றுவரை பலருக்கு மூணு பீஸ் என்றால் மனதில் வருவது அந்த முகம்தான். ரேஸ்காரர்களுக்கு இதில் பெரிய வசதி, லிப் அடிபட்டால் லிப்பை மட்டும் மாற்றலாம், அகலம் கூட்ட வேண்டுமென்றால் வேறு பேரல் போடலாம். அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை, டயருக்குள் இருக்கும் காற்றை நேராகத் தொடும் ஒரு இணைப்பு. இரண்டு அலுமினிய விளிம்புகளை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் காற்று நுழைய வழி இருந்தே தீரும். போல்ட்டின் வேலை துண்டுகளை அசையாமல் பிடிப்பது மட்டும். காற்றை நிறுத்துவது, டயர் பக்கம், துண்டுகள் சேரும் பள்ளத்தில் வட்டமாக ஓடும் ஒரு சிலிக்கான் பட்டை.

அந்தப் பட்டைக்கு நம் ஏரியா ஜன்மப் பகை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று உப்போடுதான் வருகிறது. வீட்டு ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காத இடம். இங்கே இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஒட்டி நிற்க, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால், பேட்டரிக்குள் நடப்பதே வீலில் நடக்கும். அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். வெள்ளைப் பொடியாக ஊறி வந்து விளிம்புகளுக்கு நடுவில் புகுந்து, சிலிக்கானை மெல்ல மெல்லத் தூக்கிவிடும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கினால் அந்த இடுக்கெல்லாம் சேற்றுத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வெயில் வந்தாலும் லேசில் காயாது.

காற்று இறங்கியதும் இணைப்பைச் சந்தேகப்படாதீர்கள், அது கடைசி. நான் பார்த்த வரிசை இதுதான். முதலில் காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி மாறினாலே சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும் குறையும். மதியம் பங்க்கில் 32 வைத்துவிட்டு மறுநாள் விடியலில் 30 காட்டுகிறதே என்று அலறுவது வீண். எனக்கு ஞாயிறு 32 வைத்தால் அடுத்த வார இறுதியில் 22. இது வெயிலின் வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது வால்வு. வால்வு முனையில் எச்சில் தொட்டு வைக்கும் பழைய வித்தையே போதும், ஊசி கசிந்தால் குமிழ் வரும். மூடிக்குப் பதில் திருகும் பிரஷர் சென்சார் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த சென்சார் வால்வு ஊசியை எந்நேரமும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். அப்புறம் காற்றைப் பிடித்திருப்பது சென்சாருக்குள் இருக்கும் குட்டி ரப்பர் வளையம்தான். அது காய்ந்தால் வீலுக்கும் டயருக்கும் சம்பந்தமே இல்லாமல் காற்று போகும். நான் அவற்றைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். ரப்பர் வால்வையும் மாற்றி, உலோக வால்வு போட்டேன்.

மூன்றாவது பீட், அதாவது டயர் ரிம்மில் உட்காரும் இடம். கடலோரத்தில் சாதாரண அலாய் வீலுக்கும் வருகிற வியாதி இது, பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளையாக அரித்து டயரைத் தூக்கிவிடும். இதற்குத் தேய்த்துச் சுத்தம் செய்து பீட் சீலர் தடவினால் முடிந்தது.

நாங்கள் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடை அண்ணன் வீலைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி உருட்டினார். டயர் ஓரத்தில் ஒன்றுமில்லை, வால்வில் ஒன்றுமில்லை. "நல்லாத்தான் கீது சார், அப்புறம் எங்கதான் போவுது?" என்றவர், வீலைப் படுக்கவைத்து முகத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு போல்ட் தலையைச் சுற்றிக் கடுகளவு நுரை. ஊதிப் பெரிதாகி, வெடித்து, மறுபடி அதே இடத்தில். இரண்டு போல்ட் தள்ளி இன்னொன்று. "போல்ட்டுல ஓட்டை சார்!"

நுரை வருவது போல்ட்டில்தான், ஓட்டை அங்கே கிடையாது. உள்ளே சிலிக்கான் பட்டை எங்கோ ஒரு இடத்தில் தூக்கியிருக்கும். அதன் வழியாகக் காற்று விளிம்புகளுக்கு நடுவில் நுழைந்து, சுற்றி ஓடி, எந்த போல்ட் ஓட்டை தளர்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். உள்ளே கசியும் இடம் ஒரு மூலை, வெளியே நுரை வருவது எதிர்மூலை என்றுகூட ஆகலாம். இதை ஒருமுறை மண்டையில் ஏற்றிக்கொண்டால் போதும், பாதி வைத்தியங்கள் ஏன் பலிக்காது என்று தானே விளங்கிவிடும்.

இதை விளங்கிக்கொள்ளாத கடைகளும் இருக்கின்றன. கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஒரு வீல் கடையில், நுரை வந்த போல்ட் தலைகளைச் சுற்றி வெளியிலிருந்தே சிலிக்கானைத் தடவி, நல்ல தொகை வாங்கினார்கள். உள்ளே இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அழுத்தம். வெளியே பூசியதை அது தள்ளி உரித்துவிடும். உள்ளே போட்டதையோ இடுக்குக்குள் இன்னும் இறுக்கும், உள்மூடி குக்கரில் ஆவி ஏற ஏற மூடி இறுகுவது மாதிரி. அந்தப் பூச்சு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. லிப் பாலிஷின் மேல் ஒட்டிய பிசிறைச் சுரண்டுவதுதான் மிச்சம்.

இனி வேலை. டயரைக் கழற்றியதும் பழைய பட்டையைப் பார்த்தாலே கதை தெரியும். நல்ல இடத்தில் நகத்தால் நெம்பினாலும் வராது. போன இடத்தில் நூல் மாதிரி இழுத்தால் கையோடு வரும், அடியில் வெள்ளைப் பொடி. போன இடத்தை மட்டும் ஒட்டுப்போடலாமே என்று தோன்றும். கூடாது. காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது, சேரும் இடத்திலேயே மறுபடி கசியும். முழு வட்டமும் எடுத்துத்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் சுரண்டியும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிக்கொண்டு இறங்கினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடே காற்றுக்குப் பாதை. கடைசியாக பாரிமுனை கெமிக்கல் கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பெட்ரோலால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். மொத்த வேலையில் முக்கால்வாசி நேரம் இந்தச் சுரண்டலும் துடைப்பும்தான், பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

சிலிக்கான் வாங்கும்போது டியூபில் நியூட்ரல் க்யூர் என்று இருக்கிறதா பாருங்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அசிட்டிக் வகை, கண்ணாடி ஒட்டுவது. திறந்தாலே வினிகர் வாடை மூக்கில் ஏறும். அது காயும்போது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். ஏற்கெனவே உப்பு அரிக்கிற ஊரில் நாம் வேறு ஏன்? விலை வித்தியாசமும் பெரிதாக இல்லை.

போல்ட்டுகளை, முறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்துக் குறுக்கும் மறுக்குமாகச் சரிபார்த்த பிறகுதான் சிலிக்கான். போட்டபின் முறுக்கினால் பட்டை கிழியும். எவ்வளவு டார்க் என்பது வீலுக்கு வீல் மாறும், தயாரித்தவர் சொன்னதுதான் கணக்கு. இந்தச் சின்ன போல்ட்டில், அடித்து அடித்து முறுக்கும் இம்பேக்ட் கன் மெஷினை வைக்க ஒருவரையும் விடாதீர்கள். பள்ளத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக சிலிக்கானை விட்டு, விரலை நனைத்துக்கொண்டு இருபக்கமும் ஏறும்படி வழித்துவிட வேண்டும். அப்புறம் கை வைக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும், உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் காயும். காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இது இறுகும் என்பதால் சென்னைப் புழுக்கம் உபகாரம் செய்யும் அபூர்வமான இடம் இது. நான் இரண்டு நாள் மொட்டை மாடிப் படிக்கட்டு நிழலில் வைத்திருந்து, பிறகுதான் டயர் ஏற்றினேன். ஏற்றும்போது மெஷின்காரர் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். டயர் நெம்பும் கம்பி புதுப் பட்டையில் உரசினால் பட்டபாடு அத்தனையும் வீண்.

ஒரு வீல் மட்டும் அதன்பிறகும் அடங்கவில்லை. மணலியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் மச்சான் வெல்டிங் சோதிக்க வைத்திருந்த சிவப்புச் சாயத்தை உள் பேரலில் அடித்து, துடைத்து, வெள்ளை ஸ்பிரே அடித்தார். மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு மேலே எழும்பி வந்தது. ரோட்டுப் பள்ளத்தில் வீல் இறங்கியதில் விழுந்த வெடிப்பு. "மாமா, இதுக்கு சிலிக்கான் தடவிட்டு ஹைவேல போனா நேரா மேலதான்" என்றார். அவர் சொன்னது சத்தியம். வெடிப்பை எந்த சீலன்ட்டாலும் மூடி ஓட்டக்கூடாது. அந்த பேரலை மட்டும் பழசில் தேடிப்பிடித்து மாற்றினேன். ஒற்றை வார்ப்பாக இருந்தால் முழு வீலும் காயலான் கடைக்குப் போயிருக்கும். மூணு பீஸை நான் திட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போதைய நிலவரம். முன்பக்கம் இரண்டும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில்தான் குறைகின்றன, அது எந்த நல்ல டயரிலும் ரப்பர் வழியாகவே போவது. பேரல் மாற்றிய வீலும் அதே கணக்குதான். பின் இடது மட்டும் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது, பீட்டில் அரிப்பு திரும்பியிருக்கலாம் என்று சந்தேகம். வெள்ளத்தில் ஓட்டியபின் உள்பக்கம் வரை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை விடுவதில்லை. லிப்பின் பளபளப்பு மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. மாதம் ஒருமுறை பாலிஷ் போட்டாலும் ஓரத்தில் உப்புப் புள்ளி வந்துவிடுகிறது.

இங்கே குடியிருந்துகொண்டு தினசரி வண்டிக்கு இதை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பழசாக வாங்கும்போது விற்பவர் காட்டும் லிப் பளபளப்பைப் பார்க்காமல் வீலைக் கவிழ்த்து, சிலிக்கான் பட்டையையும் போல்ட் ஓரங்களில் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டயர் ஏறியே இருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் சிலிக்கானை மாற்றிப் போடும் ரீசீல் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எனக்கு அடுத்த டயர் மாற்றம் நெருங்குகிறது. நாலு வீலையும் அப்போது முழுசாகப் பிரித்து, துருப்பிடிக்கத் தொடங்கிய போல்ட்டுகளை மொத்தமாக மாற்றப்போகிறேன். அதே நீளத்தில், அதே தரத்தில் போல்ட் எங்கே கிடைக்கும் என்று புதுப்பேட்டையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.