லண்டன் நகர்நல அறிக்கைகள்: முன்னுரையைத் தாண்டிப் படியுங்கள்

லண்டனில் உள்ள மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமும் நூலகமுமான வெல்கம் கலெக்‌ஷனின் இணையதளத்தில் 'லண்டன்ஸ் பல்ஸ்' என்றொரு தொகுப்பு இருக்கிறது. 1848 முதல் 1972 வரை லண்டன் வட்டாரங்களின் நகர்நல அலுவலர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள், 5,500க்கும் மேல். காசு கிடையாது. சானிட்டரி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். என்னை உட்காரவைத்தவை இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகள்தான்.

முன்னுரையில் நேரத்தை விடாதீர்கள். கவுன்சிலுக்கு நன்றி, ஊழியர்களுக்கு நன்றி என்றே போகும். நேரே இன்ஸ்பெக்டர்களின் அட்டவணைக்குப் போங்கள். 1891ஆம் ஆண்டு லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, சாக்கடை அடைத்துக் கிடந்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் ஒரு தகவல் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் சட்டப்படியான நோட்டீஸ், பிறகு கோர்ட். மூன்று எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் எவ்வளவு அழுத்தக்காரர்கள், ஆபீஸ் எவ்வளவு கறார் என்று பிடிபட்டுவிடும். எங்களுக்கெல்லாம் இது நாவலைவிடச் சுவையான வாசிப்பு.

புதிதாக வருபவர்கள் பெர்மாண்ட்ஸியில் தொடங்கலாம். அப்போது ஏழைத் துறைமுகத் தொழிலாளர்களின் பகுதி. அங்கே சுகாதாரத் துறையே 1920களில் சினிமா எடுத்தது. வேனில் கொண்டுபோய்த் தெருவிலேயே திரையிட்டது. காசநோயாளிகளை வெயில் சிகிச்சைக்காக கவுன்சில் செலவில் சுவிட்சர்லாந்தின் லேசான் என்ற மலையூருக்கு அனுப்பினார்கள். 1926இல் சொந்தமாக ஒரு ஒளி சிகிச்சை நிலையமும் திறந்தார்கள்.

அடுத்தது ஃபின்ஸ்பரி வட்டாரம். கட்டடக் கலைஞர் லுபெட்கினின் டெக்டன் குழு வடிவமைத்த சுகாதார மையம் 1938இல் திறந்தது. காசநோய், பல், கால் என்று தனித்தனி கிளினிக்குகள் ஒரே கூரைக்குள். எனக்குப் பிடித்தது மேல்மாடிதான்: வீட்டில் பூச்சிமருந்துப் புகை போடும்போது குடும்பம் தங்கிக்கொள்ள அங்கே அறைகள் இருந்தன. மருந்தடிக்கப் போகிறவன் முதலில் கேட்கவேண்டியது, ராத்திரி இவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதைத்தான். அதற்குக் கட்டடத்திலேயே இடம் ஒதுக்கிய ஆட்கள் வேலை தெரிந்தவர்கள்.

குறை ஒன்று உண்டு. எல்லாமே அலுவலர் பேச்சு. கதவைத் திறந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் என்ன சொன்னாள் என்பது அட்டவணையில் ஏறாது. மான்செஸ்டர், லிவர்பூல் பற்றித் தேடுபவர்களுக்கும் இது உதவாது, முழுக்க லண்டன்தான். மற்றபடி சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் யாராயிருந்தாலும் தாராளமாக உள்ளே போய்ப் பாருங்கள், ஐந்துக்கு நாலரை.