தனிப் பறப்பில் ஸ்டால் பயிற்சி: நான் பயிலும் விமானப் பள்ளியைப் பற்றிய மதிப்புரை

விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர விரும்புவோர் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்பே, பயிற்றுநர் இல்லாத தனிப் பறப்பில் ஸ்டால் (மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பழக அனுமதி உண்டா, உண்டென்றால் எந்த அளவுக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் பயிலும் பள்ளியில் அனுமதி உண்டு. பயிற்றுநருடன் கற்றுத் தேறிய மாணவர், தரையிலிருந்து 3,000 அடிக்குக் குறையாத உயரத்தில், சுற்றிலும் கீழேயும் வேறு விமானம் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, எஞ்சின் விசையைக் குறைத்துச் செய்யும் ஸ்டாலைத் தனியே பழகலாம். எச்சரிக்கை ஒலி எழுந்ததும் மீண்டுவிட வேண்டும். இது மிகச் சரியான விதி. செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் இடது இறக்கை முன்விளிம்பிலுள்ள சிறு துளை வழியே காற்று உறிஞ்சப்படுவதால் எழும் அந்த ஊளை, ஸ்டால் ஆகும் வேகத்தைவிட 5 முதல் 10 நாட் (விமான வேக அலகு) கூடுதலாக இருக்கும்போதே கேட்கும். அதற்குள் யோக் (விமானத்தை இயக்கும் கைப்பிடி) கையில் தொய்வடைவதை உணர்ந்து, மூக்கைத் தாழ்த்தி மீளும் பழக்கம், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போதுதான் மாணவருக்கு உண்மையாகவே படிகிறது. ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தில், உயரம் குறைவாக இருக்கையில், உயிரைக் காப்பதும் இதே பழக்கம்தான்.

என் வருத்தமெல்லாம் தனிப் பறப்புக்கான படிவத்தைப் பற்றியது. முழு விசையுடன் செய்யும் ஸ்டாலும் அதில் அதே வரிசையில், தனிக் குறிப்பு எதுவுமின்றி இடம்பெற்றிருக்கிறது. பயிற்றுநரின் எடை இல்லாத விமானம் வேகமாக ஏறும். ஆகவே ஸ்டால் ஆக மூக்கை முன்பு பழகியதைவிட உயரமாகத் தூக்க வேண்டியிருக்கும். விசையால் விமானம் இடப்புறம் இழுக்கும்போது வலது ரடர் (வாலிலுள்ள திசைத்தகட்டை இயக்கும் கால்மிதி) போதாமல் போனால், பெரும்பாலும் இடது இறக்கை சரியும். பதறிய மாணவர் யோக்கை வலப்பக்கம் திருப்பினால், சரிந்த இறக்கையின் எய்லரான் (பின்விளிம்பிலுள்ள அசையும் தகடு) கீழிறங்கித் தாக்குகோணத்தை, அதாவது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை, மேலும் கூட்டும். அங்கிருந்து ஸ்பின்னுக்கு (ஸ்டாலான விமானம் சுழன்றபடி கீழே விழுவதற்கு) அதிக தூரமில்லை. விசையை முற்றிலும் குறைத்து, எய்லரானை நடுவில் நிறுத்தி, எதிர்ப்பக்க ரடரை முழுதும் அழுத்தி, யோக்கை முன்னே தள்ளும் வரிசையை ஒருமுறைகூட அனுபவித்திராதவரிடம் அந்த நொடியில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஸ்பின் பயிற்சியோ இங்கே விரும்பிக் கேட்போருக்கு மட்டுமே தரப்படுகிறது.

பொறுமையாகக் கற்பிக்கும் பயிற்றுநர்களுக்காகவும், நன்கு பராமரிக்கப்படும் விமானங்களுக்காகவும் இப்பள்ளியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சேர்ந்ததும் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முழு விசை ஸ்டாலைப் பயிற்றுநருடன் மட்டுமே செய்வேன் என்று நான் எழுதிக் கொடுத்தபோது, தலைமைப் பயிற்றுநர் மறுப்பேதும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.