மெஷ் வைஃபை: நான்காவது பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீடு பழையது. முன் விறாந்தையிலிருந்து பின்னறை வரை நீண்டு கிடக்கும் அந்த வீட்டின் நடுவே தடித்த சுவர்கள் இரண்டு குறுக்கிடுகின்றன. ஃபைபர் இணைப்புடன் கிடைத்த ரவுட்டர் முன்கதவடியில் இருப்பதால், பின்னறையில் மகளின் இணையவழி வகுப்பு நாள்தோறும் அறுந்து அறுந்தே நடந்தது. அதற்குத் தீர்வாக, நகரிலுள்ள ஒரு கடையில் ஒரே வைஃபையை வீடெங்கும் பரப்பும், மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுதியை 54,000 ரூபாய்க்கு வாங்கினேன். பூட்ட வந்த இளைஞர், "நீங்கள் எந்த அறைக்குப் போனாலும் போன் தானாகவே கிட்ட உள்ள பெட்டிக்கு மாறிவிடும் ஐயா, நீங்கள் ஒன்றுமே பார்க்கத் தேவையில்லை" என்று உறுதி கூறி, பூட்டுகூலியாக 4,000 ரூபாய் வாங்கிச் சென்றார்.

வகுப்பு அப்போதும் அறுந்தது. திரும்ப அழைத்தபோது அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர்தான் சிக்னலைத் தின்கிறது என்றார். நடைவழியில் வைப்பதற்கென்று நான்காவது பெட்டி ஒன்றை 19,500 ரூபாய்க்கு விற்றார். அதை வைத்த பிறகு நிலைமை முன்னையதிலும் மோசமானது.

உண்மையைக் காட்டித் தந்தது பிரிண்டர்தான். முன்னறையில் இருக்கும் அது மகளின் மடிக்கணினிக்குச் சில வேளை தென்படும், சில வேளை தென்படாது. இணைப்பு விவரத்தைத் திறந்து பார்த்தால் கணினியின் முகவரி ஒரு நேரம் 192.168.1 என்றும் இன்னொரு நேரம் 192.168.0 என்றும் தொடங்கியது. ஒரே வைஃபைப் பெயருக்குப் பின்னால் இரண்டு வலையமைப்புகள் இருந்திருக்கின்றன. சிக்னலை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை என் ஆண்ட்ராய்டு கைபேசியில் இறக்கிக்கொண்டு பின்னறையில் போய் நின்றேன். இரண்டு முழத் தூரத்தில், அலுமாரியின் மேல் இருந்த மெஷ் பெட்டியின் சிக்னல் அளவு −41 டிபிஎம் (பூச்சியத்துக்குக் கிட்ட வரவரச் சிக்னல் பலம்). ஆனால் கைபேசி பிடித்துக்கொண்டிருந்தது −67 காட்டிய வேறொன்றை. திரையில் தெரிந்த அதன் முகவரியின் கடைசி நான்கு எழுத்துகளைக் கையில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நான்கில் எதிலும் அவை இல்லை. முன்கதவடியில் இருந்த பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் இருந்தன.

அந்த இளைஞர் செய்தது இதுதான்: பழைய ரவுட்டரின் வைஃபையை அணைக்காமல், அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே மெஷ் தொகுதிக்கும் இட்டுவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்பதை முடிவு செய்வது பெட்டியல்ல, கைபேசியே. 802.11கே, 802.11வீ என்ற முறைகள் அயலில் உள்ள பெட்டிகளைக் கைபேசிக்கு அறிவித்து, "அங்கே போ" என்று பரிந்துரைக்க மட்டுமே உதவுகின்றன. பிடித்த இணைப்பு ஓரளவு தாங்கும்வரை கைபேசி அதை விடாது. ஐபோன்கள் −70 டிபிஎம் வரை இருக்கும் இணைப்பையே வைத்துக்கொள்கின்றன என்று ஆப்பிள் நிறுவனமே தன் குறிப்பில் எழுதியிருக்கிறது. பழைய ரவுட்டரோ மெஷ் குடும்பத்தில் சேராதது. தன்னைப் பிடித்த கைபேசியை வேறு பெட்டிக்கு அனுப்ப அதற்குத் தெரியாது. நான்காவது பெட்டி இந்தக் குழப்பத்துக்கு எதுவும் செய்யவில்லை. கம்பியில்லாமல் பெட்டிக்குப் பெட்டி கைமாறும் தரவு ஒவ்வொரு தாவலிலும் மீண்டும் ஒருமுறை காற்றில் போக வேண்டியிருப்பதால், அது இருந்த வேகத்தையும் குறைத்தது.

சரி செய்யப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வைஃபையை அணைத்தேன், அதனோடு கேபிளால் இணைந்திருந்த முதல் மெஷ் பெட்டியை அக்சஸ் பொயின்ட் முறைக்கு (தனி வலையமைப்பு உண்டாக்காமல் ரவுட்டரின் வலையமைப்பையே பரப்பும் முறை) மாற்றினேன், நான்காவதைக் கழற்றினேன். பிரிண்டர் அன்றே நிலையாகத் தென்பட்டது, வகுப்பும் அறுவதில்லை. கைபேசி இன்னும் எப்போதாவது தூரத்துப் பெட்டியைப் பிடித்துத் தொங்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் விட்டுவிடும். இடம் மாறாத தொலைக்காட்சியை மெஷ் தொகுதியின் செயலியிலேயே பக்கத்துப் பெட்டியோடு கட்டிவைத்தேன், எல்லாத் தொகுதிகளிலும் அந்த வசதி இருக்காது. விரைவு மாற்றம் எனப்படும் 802.11ஆர் வசதியைப் போட்ட பிறகு பழைய கருவி ஏதும் இணைய மறுத்தால், முதலில் அந்த வசதியை அணைத்துப் பாருங்கள்.

நான்காவது பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "திறந்த சாமானை எடுக்க மாட்டோம் ஐயா, பெட்டியில் பிழை இல்லையே" என்றார் கடைக்காரர். "பெட்டியில் பிழை என்று நான் சொல்லவில்லை தம்பி, தேவையில்லாததை விற்றதைத்தான் சொல்கிறேன்" என்றேன். அவர் பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னார். அதில் மாதிரிப் பெயருமில்லை, தொடரிலக்கமுமில்லை, "வைஃபை சாமான் – 1" என்று மட்டும் இருந்தது. வாங்கிய அன்றே அதைப் பார்த்துத் திருத்தி எழுதச் சொல்லாதது என் தவறு.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாட்டை, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் துரித இலக்கம் 1977. நான்காவது பெட்டி வாங்கிய திகதியிலிருந்து கணக்கிட்டால், அந்த மூன்று மாதங்களில் எனக்கு ஒன்பது நாள்களே மிச்சம் இருந்தன. சிக்னல் அளந்த செயலியின் திரைப்பிடிப்புகளையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்து நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.