மடவைச் சினையா, ஜிலேபிச் சினையா?

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காவிடம் ஒரு மடவை மீனும் இரண்டு ஜிலேபி மீனும் (திலாப்பியா) கொடுத்தேன். எல்லாமே எண்ணூர் கழிமுகத்து மீன், எல்லாமே சினை. "மடவ செனைய தனியா கட்டித் தரேன். ஜிலேபியோடது இன்னாத்துக்கு, போட்ரவா?" என்றார். வேண்டாமென்று இரண்டையும் வாங்கிவந்து தட்டில் பிரித்துப் பார்த்தேன்.

மடவையின் சினைப்பை இரட்டையாக, நீளமாக, மஞ்சளாக இருந்தது. கீறினால் ரவை. அத்தனை மணியும் ஏறத்தாழ ஒரே அளவு. ஜிலேபியில் அப்படி இல்லை. கடுகைவிடப் பெரிய மணிகள், நடுநடுவே பாதி வளர்ந்தவை, இடுக்கில் வெள்ளைப் பொடி.

முட்டை வளரும் வழி இரண்டிலும் ஒன்றுதான். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி ஹார்மோன் அனுப்பும். முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் ஈஸ்ட்ரடயால் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும். அது ரத்தத்தோடு ஈரலுக்குப் போனதும் ஈரல் வைட்டெலோஜெனின் என்ற புரதத்தைச் செய்யும். மறுபடி ரத்தம் அதைச் சுமந்துவர, முட்டை உள்ளே இழுத்து மஞ்சள் கருவாகச் சேர்த்துவைக்கும். சமையல் ஈரலில், பந்தி சினைப்பையில்.

மடவை ஊரையே ஒரே பந்தியில் உட்காரவைக்கிறது. பல லட்சம் முட்டைகள் சேர்ந்தே வளர்ந்து, ஒரே பருவத்தில் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் செல்கள் அடுத்த வருஷத்துக்கு. ஜிலேபியோ பந்திக்குப் பின் பந்தி. ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைதான், ஆனால் சில வாரங்களில் அடுத்த ஈடு தயார். நெத்திலியும் இப்படித் தவணை முறைதான், ஆனால் முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும்.

கடைசிக் கட்டத்தில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. மடவை முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டும். அங்கே முட்டையின் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகி, தண்ணீரை உள்ளே இழுக்கும். 0.6 மில்லிமீட்டர் முட்டை 0.9 ஆகும். கேட்கச் சின்ன வித்தியாசம், கன அளவில் மூன்று மடங்குக்கு மேல். மங்கலாக இருந்தது கண்ணாடியாகி, கடல்நீரில் மிதக்கும். ஜிலேபி முட்டைக்கு இந்த வித்தை தேவையில்லை. கனமாக அடியில் கிடக்கும், தாய் வாயில் அள்ளிக்கொள்ளும். (கடல் கெளுத்தியில் இந்த வேலை அப்பாவுடையது. முட்டையோ கோலிகுண்டு பெரிசு!)

வளர்ப்பவர்களைக் கேட்டால் ஜிலேபிதான் சுலபம். குளத்தில் விட்டால் போதும், தானே பெருகும். அளவுக்கு மீறிப் பெருகி, மீனெல்லாம் குட்டையாகிவிடுவதுதான் தொல்லை. அடைத்து வளர்த்த மடவையில் மஞ்சள் கரு நிறையும், ஆனால் கடைசிப் படியில் நின்றுவிடும். மெல்லிய குழாய் விட்டு நாலு முட்டையை உறிஞ்சி எடுத்து, அளவு பார்த்து, ஹார்மோன் ஊசி போட வேண்டும். முட்டையிடாமல் நின்றவற்றை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

எண்ணூர் மாதிரி ஒரு கழிமுகத்தில் பிழைக்க எந்த வழி தோது? என் ஓட்டு ஜிலேபிக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது நினைவிருக்கும். அந்த மாதிரிச் சமயத்தில் ஒரு பருவம் தவறினால் மடவைக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். ஜிலேபி அடுத்த மாதமே இன்னொரு ஈடு போடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடையும், மழைக்காலத்தை ஒட்டி முட்டையிடும் மடவைக்கு நேரடியாக உதவுவதில்லை.

தவாவுக்கு வந்தால் கதை வேறு. கழிமுகத்தில் பிடித்த மடவை இன்னும் கடலுக்குப் போகாதது, அதனால் தண்ணீர் ஏறாத ரவைப் பக்குவம். மிளகாய்த்தூளும் உப்பும் தடவிச் சின்னத் தீயில் விட்டால் கட்டியாக, நெய்ப்பாக நிற்கிறது. ஜிலேபிச் சினை படபடவென்று வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது. மிச்சத்தை மாடிப்படிப் பூனைக்கு வைத்தேன்.