ஆச்சியின் கமர்கட்டும் 499 ரூபாய் பாகு தெர்மாமீட்டரும்

கமர்கட்டுக்கு அளவு என்ன என்று ஆச்சியிடம் கேட்டால், தேங்காய் ஒரு மூடி, வெல்லம் அதுக்குத் தக்கன, நெய் கொஞ்சம் என்பார். பதம்? "தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாரு, தட்டுல எறிஞ்சா டங்குனு கேக்கணும்." எங்கள் குடும்பத்துச் செய்முறை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு சென்னையில் நான் தனியாக நாலு தடவை செய்தேன். இரண்டு தடவை குழைந்து தேங்காய் பர்பி மாதிரி ஆனது, ஒரு தடவை பல்லே இறங்கவில்லை, ஒரு தடவை அடி கருகிக் கசந்துவிட்டது. அதற்கப்புறம்தான் இந்தத் தெர்மாமீட்டரை வாங்கினேன். ஆச்சிக்கு இப்போது 84 வயது, பார்வை மங்கிவிட்டது, அவர் கைப்பக்குவத்தை எண்ணாகவாவது எழுதி வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பும் எனக்கு இருந்தது.

வாங்கியது டிஜிட்டல் வகை. நீளமான ஸ்டீல் கம்பி, மேலே சின்னத் திரை, பொத்தான் பேட்டரி, விலை 499 ரூபாய். மைனஸ் 50 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, மிட்டாய்ப் பாகுக்கு 160 வரை சரியாகக் காட்டினாலே போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42, 43 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால் அதைப் பாகுக்குள் விட்டுவிடாதீர்கள். துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து குறி வைத்துப் பார்க்கும் வகையும் வேண்டாம், அது மேல்பரப்பைத்தான் அளக்கும், ஆவி எழும்பும் சட்டியில் அந்த எண்ணை நம்ப முடியாது.

கையில் வந்ததும் முதல் வேலையாகக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சென்னை மாதிரி கடல்மட்ட ஊரில் 100 காட்ட வேண்டும். எனக்கு முதலில் வந்தது 96-இலேயே நின்றது, திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன், அது 99.8 காட்டியது. நாலு டிகிரிதானே என்று விட்டிருந்தால் கமர்கட் ஒருபோதும் சரியாக வந்திருக்காது, ஏனென்றால் பாகில் நாலு டிகிரி என்பது மென்று தின்பதற்கும் பல் உடைவதற்கும் உள்ள இடைவெளி. கொடைக்கானல், ஊட்டியில் இருப்பவர்களுக்குத் தண்ணீரே 93 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும், அவர்கள் எல்லாப் பதத்தையும் அந்த ஏழு டிகிரியைக் கழித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி இனிப்பின் பங்கு கூடும், அது கூடக் கூடக் கொதிநிலையும் ஏறும். அதனால்தான் ஒரு எண்ணைப் பார்த்தே பதத்தைச் சொல்ல முடிகிறது. சீனிப்பாகில் 112 முதல் 116 வரை, தண்ணீரில் விட்ட சொட்டு இளகிய உருண்டையாகும், அப்போது சுமார் 85 சதவீதம் சீனி. 121 முதல் 130 வரை கெட்டி உருண்டை, சுமார் 92 சதவீதம். 149-ஐத் தாண்டினால் தண்ணீர் ஒரு சதவீத அளவுக்குத்தான் மிச்சம் இருக்கும், ஆறியதும் கண்ணாடி மாதிரி உடையும். ஆனால் இதெல்லாம் வெள்ளைச் சீனிக்கான கணக்கு. வெல்லத்துக்கு என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் ஆச்சி இருக்கும் திருநெல்வேலிக்குத் தெர்மாமீட்டரோடு போனேன்.

ஆச்சி அடுப்படி நடையில் உட்கார்ந்துகொண்டார். மண்டை வெல்லத்தை உடைத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி இரும்புச் சட்டியில் ஏற்றினேன். பக்கத்து அடுப்பில் தேங்காய்த் துருவலை நெய் விட்டு ஈரம் போக வறுக்கச் சொன்னார். இதை நான் சென்னையில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை, அவரும் சொன்னதில்லை, கேட்டால் "இதைக்கூடவா சொல்லணும்" என்கிறார். புதுத் தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான், அதை அப்படியே கெட்டிப் பாகில் கொட்டினால் பாகு மறுபடி இளகாமல் என்ன செய்யும்! நான் செய்தது குழைந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது, அதைச் சொன்னது தெர்மாமீட்டர் இல்லை.

118-இல் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டேன், உருண்டது, ஆனால் விரலில் நசுங்கியது. 122-இல் உருண்டை நின்றது, தட்டில் போட்டால் பொத்தென்று விழுந்தது. "இன்னும் நாழியாகும் ஏட்டி, தீயைக் குறைச்சு வை" என்றார். 126-இல் போட்ட உருண்டை எவர்சில்வர் தட்டில் டங் என்று விழுந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் "போதும், இறக்கு" என்றார். நான் எண்ணை அவரிடம் சொல்லவே இல்லை. அடுத்த இரண்டு நாளும் செய்தோம், 125, 127. ஐம்பது அறுபது வருஷமாகக் காதால் கேட்டுச் செய்த பதம் இரண்டு டிகிரிக்குள் நிற்கிறது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, எண் கிடைத்துவிட்டது என்று சென்னைக்கு வந்து கடையில் வாங்கிய வெளிர் மஞ்சள் அச்சு வெல்லத்தில் 126-இல் இறக்கினேன். டங் சத்தம் வரவில்லை, சாயங்காலத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதே வெல்லம் 130-க்குப் போனதும் சரியாக வந்தது. வெல்லத்துக்கு வெல்லம் அதில் இருக்கும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற சர்க்கரைகளின் அளவு மாறும், அவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். கருப்பட்டியிலும் பார்த்தேன், அது பொங்கி வழியப் பார்க்கிறது, பெரிய சட்டி வேண்டும், தீ ரொம்பச் சிறியதாக இருக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு வெல்லத்துக்கும் முதல் தடவை தண்ணீர்க் கிண்ணமும் தட்டும் பக்கத்தில் இருக்கட்டும், டங் கேட்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவையிலிருந்து அந்த எண் போதும். கடலை மிட்டாய்க்கு அதே மண்டை வெல்லத்தில் எனக்கு 144 ஒத்துவந்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்த மொறுமொறுப்பை வீட்டில் எட்டிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் மகன் ஒரே நாளில் டப்பாவைக் காலி செய்தான்.

இனி குறைகள். கம்பியின் நுனி இரண்டு சென்டிமீட்டராவது பாகில் மூழ்கியிருக்க வேண்டும், கால் கிலோ வெல்லத்தை அகலச் சட்டியில் வைத்தால் அது நடக்காது, சட்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நுனி அடியைத் தொட்டால் எண் எகிறிவிடும். சட்டியில் மாட்டி வைக்கக் கிளிப் கிடையாது, ஆவியில் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், எனக்கு மணிக்கட்டில் ஒரு கொப்புளம் வந்தது. பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுகிறது, சின்னத் தீயில் பாகு காய்ச்சும்போது நடுவில் இருண்டுபோகும் திரையைப் பார்த்தால் கோபம்தான் வரும். டிகிரி மாற்றும் பொத்தானை அணைக்கும் பொத்தானுக்கு ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஒருநாள் தெரியாமல் அழுத்தி 259 என்று காட்டியதும் பதறி அடுப்பை அணைத்துவிட்டேன், அது பாரன்ஹீட், உண்மையில் 126-தான். ஒட்டிய பாகைச் சுரண்டாதீர்கள், கம்பியை மட்டும் சுடுதண்ணீரில் நிற்க வைத்தால் கரைந்துவிடும், தலைப்பகுதி நனையக் கூடாது.

இத்தனைக்கும் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். தினமும் பாகு காய்ச்சும் கை இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. வருஷத்துக்கு நாலு தடவை செய்பவர்களும், என்னைப் போல வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பதத்தைக் கேட்டு எழுதி வைக்க நினைப்பவர்களும் வாங்கலாம், கொஞ்சம் விலை கூடினாலும் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், ஆச்சியின் இஞ்சி மரப்பா மிட்டாயின் பதத்தை இன்னும் எழுதவில்லை.